கெடாவில் கல்யாணம், லங்காவியில் கடல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில், குடும்பத்தோடு மலேசியாவின் கெடா மாநிலத்துக்குப் போய் ஒரு மலாய்க் கல்யாணத்தில் கலந்துகொண்டதையும், பிறகு நாலு நாள் லங்காவித் தீவுக் கடற்கரையில் கிடந்ததையும் எழுதியிருந்தேன். என் வீட்டுக்காரர் பினாங்கில் வேலை பார்த்த காலத்து நண்பரின் மகள் கல்யாணம் அது. வந்த கடிதங்களில் பாதி சாப்பாட்டைப் பற்றி, மீதிப் பாதி என் மாமியாரைப் பற்றி. அத்தைக்கு ரசிகர் மன்றம் ஆரம்பித்துவிடலாம் போலிருக்கிறது.

மலாய்க் கல்யாணத்தில் தாலி உண்டா? எந்தச் சடங்கோடு கல்யாணம் முடிந்ததாகக் கணக்கு? (மதுரை வாசகி)

தாலி கிடையாது. 'அக்காத் நிக்காஹ்' முடிந்தால் கல்யாணம் முடிந்தது. முதல் நாள் மாலை மசூதியில் நடந்தது. மாப்பிள்ளை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார, எதிரே காஜியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்ன பெண்ணை, நீ அவளுக்குத் தரும் இவ்வளவு மணக்கொடைக்கு உனக்கு மணம் செய்து தருகிறேன் என்கிறார். அவர் வாய் மூடியதும் மாப்பிள்ளை இடைவெளி விடாமல், தடுமாறாமல், ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் மாப்பிள்ளை மணக்கொடைத் தொகை வரும் இடத்தில் எச்சிலை விழுங்கிவிட்டார். சாட்சிகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி முதலிலிருந்து. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிரவே இல்லை, ஆனால் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அது அழுகை இல்லை. இரண்டாவது தடவை சரியாக வந்தது. "ஸாஹ்!" என்றார்கள் சாட்சிகள். செல்லும் என்று அர்த்தம்.

மறுநாள்தான் ஊர் கூடிய விருந்து, 'கெண்டுரி'. கொம்பாங் என்கிற கைப்பறையை அடித்துக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. இரண்டு பக்கமும் ஜிகினாக் காகிதம் சுற்றிய ஈர்க்குகளைத் தென்னம்பாளை மாதிரி விரித்துக் கட்டிய கம்புகள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேடையில் ஜோடியாக உட்கார வைக்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் 'ராஜா செஹாரி', ஒரு நாள் ராஜா. சிரிக்காமல், பேசாமல் ராஜா மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள், பாவம்.

பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பன்னீர் தெளித்து, மஞ்சள் அரிசியும் பூவும் தூவி ஆசீர்வதித்தார்கள். அத்தையையும் கூப்பிட்டார்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு பெண் சைகையில் காட்டத் தொடங்குவதற்குள் அத்தை அரிசியை அள்ளி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, இருவர் தலையிலும் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். அட்சதை போட அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்! இது மார்க்கத்தில் சொன்னதில்லை, பழைய பழக்கம் என்று இப்போது சில குடும்பங்கள் இதை விட்டுவிடுகின்றனவாம். நண்பரின் தாயார் விடவில்லை.

சீர்வரிசை உண்டா? (திருநெல்வேலி வாசகி)

உண்டு, இரண்டு பக்கமும். 'ஹந்தாரான்' என்று தட்டுத் தட்டாக வரும். எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஏழு கொண்டுவந்தார்கள், பெண் வீட்டார் ஒன்பது கொடுத்தார்கள். வெற்றிலையைக் கோபுரம் மாதிரி அடுக்கிய தட்டும் ஒன்று. அதைத் தவிர எல்லாம் கைப்பை, செருப்பு, வாசனைத் திரவியம்.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? (சேலம் வாசகர்)

ஒலிபெருக்கியில் ஒருவர் அடிக்கடி 'மெம்பெலாய்' என்று சொன்னார். "மாப்பிள்ளைன்னா சொல்றாங்க?" என்று கேட்டார் அத்தை. நான் சிரித்தேன். நண்பர் சிரிக்கவில்லை. நம் மாப்பிள்ளைதான் கடல் தாண்டிப் போய் மெம்பெலாய் ஆகியிருக்கிறது, ஆனால் அங்கே மணப்பெண்ணையும் அந்தச் சொல்லாலேயே குறிக்கிறார்கள் என்றார். அதற்கப்புறம் பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. கடை 'கெடாய்', கப்பல் 'காப்பால்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்', திரை 'திராய்'. இவ்வளவு சொத்து இருக்கும்போது என்ன கவலை?

சைவம் சாப்பிடும் உங்கள் மாமியார் பட்டினி கிடந்தாரா? (கும்பகோணம் வாசகி)

நன்றாகவே சாப்பிட்டார். விருந்தில் முக்கியப் பதார்த்தம் மாட்டிறைச்சிக் குழம்பு. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. முதல் நாள் ராத்திரி ஊரார் கூடி வெங்காயம் உரிப்பதிலிருந்து எல்லாம் செய்தார்கள். நானும் ஒரு கூடை பூண்டு உரித்தேன். பல இனத்தவரோடு பழகியவர்கள் என்பதால் எங்களுக்கு ஒரு மேசையைத் தனியாக ஒதுக்கி, அகப்பையையும் தனியாக வைத்திருந்தார்கள். அத்தைக்கு 'நாசி மின்யாக்', அதாவது நெய்ச்சோறு, அன்னாசியும் வெள்ளரியும் போட்ட ஊறுகாய், பச்சைக் கீரைகள். 'டால்ச்சா' என்று பருப்புக் குழம்பு உண்டு. பருப்புதானே என்று கையை நீட்டாதீர்கள். பெரும்பாலும் எலும்பு கிடக்கும், கேட்டுவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது கொடுத்த தாம்பூலம்தான் வம்பு. 'புங்கா தெலூர்': துணிப்பூ குத்திய சின்னக் கிண்ணம், உள்ளே வேகவைத்த முட்டை. வம்சம் பெருக வேண்டும் என்பதன் அடையாளமாம். நிறைய வீடுகளில் இப்போது மிட்டாயோ கேக்கோ கொடுத்துவிடுகிறார்கள், இங்கே முட்டையேதான். அத்தை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, கார் தெருமுனை திரும்பியதும் முட்டையைப் பேரனிடம் தள்ளினார். பூ இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

மொய் எழுதினீர்களா? (உசிலம்பட்டி வாசகர்)

உங்கள் ஊர்க்காரர் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்! மைக்கில் படிப்பதெல்லாம் இல்லை. விடைபெறும்போது கைகொடுப்போம் இல்லையா, அந்தக் கைக்குள்ளேயே மடித்த உறை போய்விடும். நாங்கள் ஐந்து பேர் சாப்பிட்டுவிட்டு நூறு ரிங்கிட் வைத்தோம். ஆண்கள் ஆண்களிடமும் பெண்கள் பெண்களிடமும் கொடுப்பது நல்லது. என் வீட்டுக்காரர் மணப்பெண்ணின் தாயாரைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார், அத்தோடு சரி.

கடற்கரையில் நம் பெண்கள் என்ன உடுத்துவது? கூச்சமாக இருக்காதா? (கரூர் வாசகி)

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. லங்காவியின் பந்தாய் செனாங் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் அவர்கள் பாணியில் இருப்பார்கள். ஆனால் பக்கத்திலேயே மலாய்க் குடும்பங்கள் முக்காடு, முழுக்கை உடையோடு கழுத்தளவுத் தண்ணீரில் கும்மாளம் போடுகின்றன. சுடிதாரோடு இறங்கிய என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அலை அடங்கிய, ஆழமில்லாத கடல். ஜனவரியில் மழையும் இல்லை. சொறிமீன் உண்டு என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு இறங்குங்கள். பொழுது சாயும்போது 'அகாஸ்' என்று கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி காலைப் பிடுங்கி எடுக்கும். அதற்குத் தைலம் கொண்டுபோங்கள், நாங்கள் கொண்டுபோகவில்லை.

அத்தை கடலில் இறங்கவில்லை. அவர் பிரச்சினை வேறு. அறையில் சின்ன அகல் வைத்து ஆறு மணிக்கு விளக்கேற்றப் பார்த்தால் வெளியே வெயில் கொளுத்துகிறது. அங்கே ஏழரை மணிவாக்கில்தான் இருட்டுகிறது. 1982-இல், கடல் தாண்டிக் கிழக்கே இருக்கும் மலேசிய மாநிலங்களான சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக வேண்டும் என்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிக்கொண்டது. தீவோ மேற்கு ஓரத்தில் இருக்கிறது. இதை விளக்கிச் சொன்னேன். "கடிகாரத்தைத் தள்ளலாம், சூரியனைத் தள்ள முடியுமா?" என்று மணலில் நாற்காலி போட்டு, சூரியன் கடலில் விழும்வரை பார்த்திருந்துவிட்டுப் போய் ஏற்றினார். நாலு நாளும் அப்படித்தான்.

கெடாதானே கடாரம்? ராஜேந்திர சோழன் தடம் ஏதாவது பார்த்தீர்களா? (அரியலூர் வாசகர்)

1025-இல் அவன் படை போன கடாரம் அதுதான் என்கிறார்கள் அறிஞர்கள். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பழைய கோயிலின் கல் அடித்தளம் பார்த்தோம். ஆனால் அந்தக் கட்டடங்களைச் சோழன் கட்டினான் என்று சொல்லிவிட முடியாது. வணிகர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே போய்வந்திருக்கிறார்கள்.

விசா? (சென்னை வாசகர்)

2023 டிசம்பர் முதல் நமக்கு 30 நாள் வரை வேண்டியதில்லை. போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவத்தை நிரப்ப வேண்டும். விதி மாறலாம், டிக்கெட் எடுக்குமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்களை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைத்தீர்களா? (தேனி வாசகி)

தை மாதம் என் தம்பி மகள் கல்யாணம், பத்திரிகை அனுப்பியாயிற்று. அவர்கள் ஊர்ப் பத்திரிகையில் 'காலை 11 முதல் மாலை 4 வரை' என்று அச்சடித்திருக்கும். அதற்குள் எப்போது வந்தாலும் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுக் கிளம்பலாம். அந்தப் பழக்கத்தில் நண்பர் போன் செய்து, "முகூர்த்தம் 4.30-லிருந்து 6 என்று போட்டிருக்கிறது, மாலை ஐந்து மணிக்கு வந்தால் போதுமா?" என்று கேட்டார். விடியற்காலை என்று சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.