டொக்டர் பதில்கள்: ஸ்கானில் ஒன்றும் இல்லை, ஆனால் அப்பாவால் நடக்க முடியவில்லை

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு 61 வயது. வாழைத்தோட்டம் செய்கிறவர். பிரஷருக்கும் சலரோகத்துக்கும் குளிசை எடுக்கிறார். போன மாதம் ஒருநாள் விடியப்புறம் தலை சுற்றுகிறது என்று சொல்லிச் சத்தி எடுத்தார். எழும்பி நின்றால் இடப்பக்கம் சரிந்தார். கை கால் வேலை செய்தன, வாய் கோணவில்லை. பித்தம் என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் பருக்கினோம், புரைக்கேறியது. பின்னேரம் தொடங்கிய விக்கல் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கான் எடுத்து, ஒன்றும் இல்லை, காதுக்குள் பிரச்சினையாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கிணற்றடியில் வார்க்கும்போது, “இடப்பக்கம்தான் தண்ணி குளிருது, வலப்பக்கம் ஒண்டும் தெரியேல்லை” என்றார். குரலும் கரகரத்துவிட்டது. திரும்பக் கொண்டுபோய் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது மூளைத்தண்டில் பாரிசவாதம் என்றார்கள். முதல் ஸ்கானில் ஏன் தெரியவில்லை? நாங்கள் எதைக் கவனிக்காமல் விட்டோம்?
— மகள், நீர்வேலி

பதில்: பிள்ளை, அப்பா கிணற்றடியில் சொன்ன அந்த ஒரு வசனத்தில் நோயின் இடமே இருக்கிறது. நான் வேலை தொடங்கிய காலத்தில் எங்கள் வாட்டில் ஸ்கான் கிடையாது. பஞ்சு, குண்டூசி, ஒரு போத்தல் குளிர்ந்த தண்ணீர், ஒரு போத்தல் சுடுதண்ணீர். இவற்றை வைத்துத்தான் பார்ப்போம். உங்கள் அப்பாவுக்கு அந்தப் பரிசோதனையை ஒரு வாளித் தண்ணீர் செய்துவிட்டது.

மூளையும் முள்ளந்தண்டு வடமும் சேருகிற அடித்தண்டு பெருவிரல் பருமன்தான் இருக்கும். உடம்பிலிருந்து சூடு, குளிர், வலியைக் கொண்டுவரும் நரம்புப் பாதை கீழே முள்ளந்தண்டிலேயே மறுபக்கம் தாண்டிவிடுகிறது. முகத்திலிருந்து வருவது அந்த இடத்தில் இன்னும் தாண்டவில்லை. அதனால் தண்டின் இடப்பக்க ஓரத்துக்கு இரத்தம் நின்றால் முகத்தில் இடப்பக்கமும் உடம்பில் வலப்பக்கமும் மரக்கும். இப்படி மாறுபட்டு மரத்தால் மூளைத்தண்டைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அப்பாவின் இடக் கன்னத்தில் ஒரு ஈரத்துணியை வைத்துக் கேட்டுப் பாருங்கள். இட இமை கொஞ்சம் தாழ்ந்து, அந்தக் கண்மணி மற்றதைவிடச் சிறுத்திருக்கவும் கூடும். விழுங்கலுக்கும் குரலுக்கும் உரிய நரம்பு முடிச்சும் அங்கேதான் இருக்கிறது. புரைக்கேறியதும் குரல் கரகரத்ததும் அதனால்தான். விடாத விக்கலும் அந்த இடத்து வருத்தம். கை கால்களை அசைக்கிற பாதை தண்டின் முன்பக்கமாக ஓடுவதால் தப்பிவிட்டது. அதனால்தான் முகம், கை, பேச்சு என்று பார்க்கும் வழக்கமான சோதனையில் அவர் தேறிவிட்டார்.

ஜெர்மன் மருத்துவர் அடோல்ஃப் வாலன்பெர்க் இந்தக் கோலத்தை 1895-இல் விவரித்தார். எந்தப் படமும் இல்லாத காலம். நோயாளி சொன்னதைக் கேட்டும் தொட்டும் பார்த்தே, எந்த இரத்தக்குழாயில் எந்த இடம் என்று எழுதினார். அந்த நோயாளி இறந்தபின் மூளையைப் பார்த்து, தான் சொன்னது சரி என்று 1901-இல் காட்டினார். வாட்டில் மாணவர்களுக்கு இதை நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது.

இனி ஸ்கான். சி.டி. மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தால் உடனே காட்டும். அதற்காகவே முதலில் எடுக்கிறார்கள். ஆனால் மூளைத்தண்டு தடித்த காதெலும்புகளுக்கு நடுவே இருக்கிறது. எக்ஸ்-கதிர் அந்த எலும்பில் பட்டுக் கோடு கோடாகப் படத்தைக் குழப்பும். சின்ன அடைப்பு அதற்குள் மறைந்துபோகும். எம்.ஆர்.ஐ.யில் டி.டபிள்யூ.ஐ. என்று ஒரு வகைப் படம் உண்டு. இறக்கிற கலங்களுக்குள் தண்ணீர் அசைய முடியாமல் சிக்குவதை அது வெள்ளைப் பொட்டாகக் காட்டும். அதுவும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் சிலருக்கு, அதிலும் இந்தப் பின்பகுதியில், வெறுமையாக வரலாம். அறிகுறி பொருந்தினால் சில நாள் விட்டுத் திரும்ப எடுக்க வேண்டும். சி.டி. சுத்தம் என்றால் இரத்தக்கசிவு தெரியவில்லை என்றுதான் அர்த்தம். பாரிசவாதமே இல்லை என்று அது சொல்லவில்லை.

காதுத் தலைச்சுற்றா இதுவா என்று பிரிக்கப் பழகிய மருத்துவருக்குக் கண்ணே போதும். நோயாளி மருத்துவரின் மூக்கைப் பார்த்தபடி இருக்க, தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்புவார். உள்காது நோய் என்றால் கண் வழுக்கிப்போய்த் திரும்பி வரும். தலை சுற்றிக்கொண்டே இருக்கிறவருக்குக் கண் வழுக்காமல் நின்றால்தான் பயப்பட வேண்டும். இதோடு கண் துடிக்கும் திசையையும், இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்பதையும் பார்ப்பார். முதல் நாட்களில் இந்த மூன்றும் எம்.ஆர்.ஐ.யைவிடக் கூடுதலாகப் பிடித்தன என்று 2009-இல் ஒரு ஆய்வு வந்தது. வீட்டில் நீங்கள் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். பிடியில்லாமல் நிற்கவோ நடக்கவோ முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் 1990-க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. குழாயை அடைக்கும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக 4½ மணித்தியாலம்தான் இருக்கிறது. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் விட்டதாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த இஞ்சித் தண்ணீரைச் சொல்வேன். புரைக்கேறுகிறவருக்கு வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது. நெஞ்சுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வரும். விழுங்கிப் பார்க்கும் சோதனை முடியும்வரை கஞ்சியும் வேண்டாம். இது தெரியாமல் செய்தது, அதற்காக மனம் நோகாதீர்கள். இப்படி வந்தவர்களில் பலர் சில மாதங்களில் நடந்தும் சாப்பிட்டும் தேறியிருக்கிறார்கள். சூடு தெரியாத குறை மட்டும் நெடுநாள் நிற்கலாம். அப்பா திரும்ப மோட்டார் சைக்கிள் ஏறுகிற நாளில் வலக்காலைக் கவனியுங்கள். சைலன்சர் வலப்பக்கம், சுட்டாலும் அவருக்குத் தெரியாது. குளிக்கச் சுடுதண்ணீர் வைத்தால் இடக்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சலூனில் முடி வெட்டியபின் கழுத்தைத் திருப்பி முறிக்கச் சொல்வேன், சுகமாக இருக்கும். வாதம் வரும் என்று நண்பன் பயமுறுத்துகிறான். வயது 29.
— வாசகர், சுன்னாகம்

பதில்: நண்பன் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. மூளைத்தண்டுக்குப் போகும் இரண்டு இரத்தக்குழாய்கள் கழுத்தெலும்பின் ஓட்டைகளுக்குள்ளால் ஏறுகின்றன. சட்டென்று முறிக்கும்போது அரிதாக உட்சுவர் கிழிந்து அடைக்கலாம். இளவயதில் வருகிற இந்த வகை வாதத்துக்கு அப்படியான கிழிவு ஒரு முக்கிய காரணம். முறித்தபின் பிடரியில் புதிதாக வலியும் தலைச்சுற்றும் வந்தால் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: டொராண்டோவில் இருக்கும் என் தம்பிக்கு நான்கு கை கால்களும் விழுந்து, நாக்கும் அசையாமல், இப்போது மெஷினில் மூச்சு விடுகிறார். முதலில் நரம்பு வருத்தம் என்று பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘இதய வடிவம்’ என்று இருப்பதாக மகன் வட்ஸ்அப்பில் அனுப்பினான். இருதய நோயா?
— அக்கா, பருத்தித்துறை

பதில்: இல்லை தங்கச்சி, அது படத்தில் தெரிந்த உருவம். மேலே சொன்ன அடித்தண்டின் நடுப்பகுதி இரண்டு பக்கமும் ஒன்றாக அடைபட்டால், குறுக்குவெட்டுப் படத்தில் வெள்ளையாக ஒரு இதயம் போலத் தெரியும். மிக அரிது. நான்கு கை கால்களும் ஒரே நேரத்தில் சோர்வதால் கில்லன் பாரே என்ற நரம்பு நோய் என்று முதலில் எண்ணுவது நடக்கிறதுதான். படம்தான் பிரித்துக் காட்டியிருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன், இது கடுமையான வாதம். மூச்சும் விழுங்கலும் எப்படித் திரும்புகின்றன என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

ஆனால் நினைவைத் தருகிற மேல்மூளை இந்த அடைப்பில் பழுதாவதில்லை. மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று மகனிடம் கேளுங்கள். இல்லை என்றால் தம்பிக்கு நீங்கள் பேசுவது கேட்கும். ‘ஓம்’ என்றால் கண்ணை மேலே உயர்த்து, ‘இல்லை’ என்றால் மூடு என்று மகனைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு வீடியோ கோலில் நீங்களே கேட்டுப் பாருங்கள்.