அரங்க வடிவமைப்பு படிக்க விரும்பும் மகளுக்காக: ஒரு தந்தையின் கடிதத்துக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகள், நாடகத்துக்கும், பாடியே நடத்தப்படும் மேற்கத்திய இசை நாடகமான ஆப்பராவுக்கும் மேடையில் அரங்கம் (செட்) அமைக்கும் வேலைதான் வேண்டும் என்று உறுதியாக நிற்பதாகவும், இதை நம்பி அவர் எப்படிப் பிழைப்பார் என்று வீட்டில் எல்லோரும் கலங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால், நன்றாகப் படம் வரையும் பிள்ளையின் விளையாட்டு ஆசை என்று இதைக் கருதிவிட வேண்டாம்.

அரங்க வடிவமைப்பாளரின் பணி நாடகப் பிரதியைப் பலமுறை படிப்பதில் தொடங்குகிறது. இயக்குநருடன் பேசித் தெளிந்த பிறகு, ஐரோப்பிய அரங்குகளில் பெரும்பாலும் 1:25 அளவில், அதாவது ஒரு மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் என்ற கணக்கில், அட்டையால் மேடையின் சிறு மாதிரி ஒன்றைச் செய்கிறார்கள். அதற்குள் ஆறடி மனிதர் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் நிற்பார். வண்ணம் பூசாத அந்த வெள்ளை மாதிரியை வைத்துத்தான் பட்டறைக்காரர்கள் செலவைக் கணக்கிடுவார்கள். தொகை மீறினால் வடிவமைப்பாளர் தாம் ஆசைப்பட்டுச் செய்ததையே வெட்டிச் சுருக்க வேண்டும். அதன் பின்னர் தச்சருக்கும் வெல்டருக்கும் அளவு பிசகாத வரைபடங்கள் தர வேண்டும். ஓர இருக்கையிலும் கடைசி வரிசையிலும் அமர்ந்திருப்பவருக்கு மேடை மறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆப்பராவில் நிபந்தனைகள் இன்னும் கடுமையானவை. பாடகர்கள் பொதுவாக ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு முழு இசைக்குழுவைத் தாண்டிப் பாடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கெட்டியான பலகைச் சுவர் இருந்தால் குரல் அரங்கத்தை நோக்கித் திரும்பும், கனத்த துணி இருந்தால் குரலை அது விழுங்கிவிடும். பாடுபவர் எங்கே நின்றாலும் இசை நடத்துநரின் கை அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பெரிய ஆப்பரா இல்லங்களில் இன்று ஒரு படைப்பு, நாளை வேறொன்று என்று மாறி மாறி நடப்பதால், சில மணி நேரத்தில் கழற்றி அடுக்கிவைக்க முடியாத அமைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே பயன்படாது. உங்கள் மகள் படித்த இயற்பியலும் கணிதமும் வீணாகிவிடும் என்று வருந்தியிருந்தீர்கள். அவை நாள்தோறும் கைகொடுக்கும் துறை இது.

வாய்ப்புகளைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மும்பையில் 1911-இல் திறக்கப்பட்ட ராயல் ஆப்பரா ஹவுஸ் புதுப்பிக்கப்பட்டு 2016 முதல் மீண்டும் இயங்குகிறது என்றாலும், ஆண்டு முழுவதும் ஆப்பராவையே நடத்தும் நிலை இந்தியாவில் இல்லை. ஆப்பராதான் இலக்கு என்றால் ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும். அதிலும் ஜெர்மனியை முதலில் சொல்வேன். அரசு நிதியில் இயங்கும் ஆப்பரா இல்லங்கள் மட்டும் அங்கே எண்பதுக்கு மேல் இருக்கின்றன. பலவற்றில் சொந்தப் பட்டறையும், மாதச் சம்பளத்தில் உதவி வடிவமைப்பாளர் பணியும் உண்டு. ஆனால் ஜெர்மன் மொழி தெரியாமல் பட்டறையில் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. அதை இப்போதே தொடங்கிவிடலாம்.

இங்கே ஆர். எஸ். மனோகரின் நாடகங்களுக்கு மேடையின் பிரம்மாண்டத்தைக் காணவே கூட்டம் திரண்ட காலம் உண்டு. இன்றைய தமிழ் நாடக மேடையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். இதே திறமைக்குத் திரைப்படக் கலை இயக்கத்திலும், அருங்காட்சியகங்களிலும், கண்காட்சிகளிலும் வேலை இருக்கிறது. வெளியே போனாலும் இங்கேயே இருந்தாலும், சுதந்திரமாக இயங்கும் வடிவமைப்பாளருக்கு ஊதியம் தயாரிப்புக்குத் தயாரிப்பு பேசப்பட்டுப் பல இடங்களில் தவணைகளாகவே வரும் என்பதால், ஆரம்ப ஆண்டுகளில் வருமானம் சீராக இருக்காது. அந்த ஆண்டுகளில் வீட்டின் ஆதரவு அவருக்குத் தேவைப்படும்.

படிப்புக்கு வருகிறேன். 1959-இல் தொடங்கப்பட்ட தில்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டமும் நாடகத் தயாரிப்புகளில் பங்கேற்ற அனுபவமும் தேவை. பள்ளி முடித்த உடனே சேர முடியாது. ஆகவே முதல் பட்டம் எது என்பதே இப்போதைய கேள்வி. சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகள் நல்ல தேர்வுதான். ஆனாலும் கணிதத்தில் தேர்ந்த உங்கள் மகளுக்கு ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டத்தையே நான் பரிந்துரைப்பேன். அளவு, பொருள், எடை தாங்கும் திறன் ஆகியவற்றை அதைவிட ஒழுங்காகக் கற்றுத்தரும் இளநிலைப் படிப்பு இங்கே எனக்குத் தெரிந்து இல்லை. அதற்கு நாட்டா (NATA) என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பதினெட்டு வயதிலேயே பெருங்கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கையில் தேர்ந்த படைப்புத் தொகுப்போடு முதுகலைக்குப் போகும் மாணவருக்கு உதவித்தொகை கேட்கவும் ஒரு பிடிமானம் இருக்கும்.

பெண் பிள்ளை இரவு வேலை செய்வதைப் பற்றித் தயக்கத்துடன் கேட்டிருந்தீர்கள். அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரத்தில் ஒளி, ஒலி, செட் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒத்திகைகள் நள்ளிரவைத் தாண்டுவது வழக்கம். உயரத்தில் ஏறவும் வேண்டியிருக்கும். பெண்கள் பலர் இத்துறையில் தலைசிறந்து விளங்குகிறார்கள். எந்தக் குழுவில் சேர்ந்தாலும் வீடு திரும்ப வண்டி ஏற்பாடு உண்டா என்று கேட்டுக்கொள்வது அவருடைய உரிமை.

தேர்வு முடிந்த விடுமுறையில் அவர் ஒரு வேலை செய்யட்டும். உங்கள் ஊர் சபாவிலோ பள்ளியிலோ உள்ள மேடையை டேப் வைத்து அளந்து, பிடித்த ஒரு நாடகத்துக்கு அந்த மேடையின் அளவுகளை வைத்தே 1:25 மாதிரி செய்யச் சொல்லுங்கள். முதல் மாதிரி கோணலாகத்தான் வரும். அதைப் பிரித்து மறுபடி வெட்ட அவருக்குப் பொறுமை இருக்கிறதா என்பதை அருகிலிருந்து கவனியுங்கள். படம் எவ்வளவு அழகு என்பதைவிட அதுவே எனக்கு முக்கியம். மாதிரியின் புகைப்படங்களையும் அளவுக் குறிப்புகளையும் அனுப்பிவையுங்கள். அவற்றைப் பார்த்த பிறகு, எந்தெந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று மூவரும் அமர்ந்து முடிவு செய்வோம்.