வாசகர் கேள்விகள்

கேள்வி: ராப் பாடகி நிக்கி மினாஜ் இந்திய வம்சாவளி என்கிறார்களே, உண்மையா? அவர் தமிழரா? (தேனி வாசகர்)

பதில்: முதல் பாதி உண்மை. 1982-ல் கரீபியன் தீவான டிரினிடாட்டில், போர்ட் ஆஃப் ஸ்பெயினின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பிறந்தவர். இயற்பெயர் ஒனிகா தான்யா மராஜ். தந்தை வழியில் இந்திய வேர். தாய் ஆப்பிரிக்க வம்சாவளி. 'மகாராஜ்' என்ற வட இந்தியப் பெயர்தான் அந்தத் தீவின் உச்சரிப்பில் 'மராஜ்' ஆனது.

தமிழர் என்று சொல்ல ஆதாரம் இல்லை. 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரி, அவதி ஆகிய வட இந்திய மொழிகளைப் பேசும் மக்கள். சென்னையிலிருந்தும் சில கப்பல்கள் போயின. அவற்றில் சென்றவர்களை அங்கே 'மதராஸி' என்றார்கள்.

அங்கே ஒரு குடும்பத்தின் ஊரைத் தேடுபவர்களுக்குக் குடும்பப் பெயர் அவ்வளவாக உதவாது. கப்பல் பதிவேட்டில் தொழிலாளியின் பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம், ஜில்லா இருக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப்பெயர்கள் சிதைந்திருக்கும். முன்னோர் வந்த கப்பலும் ஆண்டும் தெரிந்தால்தான் தேடல் நகரும்.

ஆப்பிரிக்க, இந்தியக் கலப்பினரை அங்கே 'டூக்லா' என்பார்கள். போஜ்புரியில் அது வசைச்சொல். ஆனாலும் 'மைட்டி டூக்லா' என்றே பெயர் வைத்துக்கொண்ட பாடகர், இந்தக் கலப்பின் தவிப்பைப் பாடி 1961-ல் அத்தீவின் பாட்டு வகையான கலிப்ஸோவில் 'கலிப்ஸோ மன்னர்' பட்டம் வென்றார். 2011 கணக்கெடுப்பில் இப்பிரிவினர் சுமார் 7.7 சதவீதம்.