கடல் தீம் கேக்: பொம்மை சரியாமல், சாயம் வழியாமல் இருக்க

கேள்வி: என் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்குக் கடல் தீமில் நானே கேக் செய்ய நினைக்கிறேன். நீல அலை, மணல், சிப்பி, மேலே ஓர் ஆமை வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். போன வருடம் விப்பிங் கிரீம் கேக்கின் மேல் ஃபாண்டன்ட் முயலும் பூக்களும் வைத்து, முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் முயல் சரிந்து, பூக்களின் சிவப்பு கிரீமில் வழிந்திருந்தது. இந்த முறை விழா மாலையில், திறந்தவெளியில். காரில் முக்கால் மணி நேரம் கொண்டுபோக வேண்டும். 25 பேர் வருவார்கள். ஒரு பாலெட் நைஃப், ஒரு ஸ்க்ரேப்பர், இரண்டு நாசில், ஒரு டர்ன்டேபிள் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முயல் சரிந்ததும் சிவப்பு வழிந்ததும் உங்கள் கைவேலையின் குறை இல்லை. இரண்டுக்கும் ஈரம்தான் காரணம். பிசைந்து உருவம் செய்யும் இந்த ஃபாண்டன்ட் பெரும்பாலும் சர்க்கரை. ஈரம் எங்கே கிடைத்தாலும் அதை இழுத்துக்கொள்ளும். கீழே தண்ணீர் நிறைந்த கிரீம், சுற்றிலும் ஃப்ரிட்ஜின் ஈரக் காற்று. இரவு முழுவதும் இரண்டு பக்கமும் ஊறியிருக்கிறது. போதாததற்கு, குளிர்ந்த கேக்கை வெளியே எடுத்ததும் அறைக்காற்றின் ஈரம் அதன் மேல் துளித்துளியாகப் படியும். அந்தத் துளிகளில் சர்க்கரை கரைந்து சாயத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.

எந்தத் தீம் கேக்குக்கும் நான் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வது இதைத்தான்: அலங்காரத்தில் எவை காய்ந்தே இருக்க வேண்டும், எவை ஈரமானவை, இரண்டும் எத்தனை மணி நேரம் ஒட்டி இருக்கப் போகின்றன. காய்ந்தவற்றை முதலில் செய்து தனியாக வைக்க வேண்டும். கேக்கில் கடைசியாக ஏற்ற வேண்டும். உங்கள் கேக்கில் ஆமை, சிப்பி, மணல் மூன்றும் காய்ந்த பக்கம். ஸ்பாஞ்சும் நீலப் பூச்சும் ஈரப் பக்கம்.

ஆமையிலிருந்து தொடங்குவோம். விழாவுக்கு நான்கைந்து நாள் முன்பே செய்துவிடுங்கள். வெறும் ஃபாண்டன்ட்டில் செய்தால் கால்கள் தொய்ந்துபோகும். 250 கிராம் ஃபாண்டன்ட்டுக்கு ஒரு டீஸ்பூன் டைலோஸ் பவுடர் அல்லது சிஎம்சி பவுடர் (இறுக்கம் தரும் உணவுப் பசைத்தூள்) சேர்த்துப் பிசைந்து, மூடி அரை மணி நேரம் வைத்தால் இறுக்கம் வந்துவிடும். கையில் ஒட்டினால் சோள மாவை லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். ஓடு, தலை, நான்கு கால்கள் என்று தனித்தனியாக உருட்டி, தண்ணீரில் நனைத்துத் துடைத்த பிரஷ்ஷால் தொட்டு ஒட்டுங்கள். தண்ணீர் கூடினால் ஒட்டாது, வழுக்கும். ஆமை ஐந்து சென்டிமீட்டர் நீளம் இருந்தால் போதும். இதைவிடப் பெரிதானால் பாரம் கூடி, பூச்சுக்குள் அமிழத் தொடங்கும்.

சோள மாவு தூவிய தட்டில் வைத்து, தினமும் ஒருமுறை திருப்பிப்போட்டுக் காயவிடுங்கள். காய்ந்தபின் சாதாரண அட்டைப்பெட்டியில் வைப்பது நல்லது. காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பொம்மை மறுபடி இளகும். ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோக வேண்டாம். வெயில் படும் ஜன்னலோரமும் கூடாது. பிங்க், ஊதா நிறங்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும்.

சிப்பிகளுக்கு ஃபாண்டன்ட் வேண்டாம். வெள்ளைச் சாக்லேட்டை உருக்கி சிலிக்கான் அச்சில் ஊற்றினால் சுலபமாக வரும், குழந்தைகளும் விரும்பிச் சாப்பிடுவார்கள். நிறம் சேர்ப்பதென்றால் எண்ணெயில் கரையும் கலர் மட்டுமே. ஜெல் கலரில் தண்ணீர் உண்டு. உருகிய சாக்லேட்டில் சில சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே அது இறுகிக் கட்டியாகிவிடும். அச்சும் கரண்டியும் ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். பெயர் எழுதக் கை நடுங்குகிறது என்றால் அதையும் சாக்லேட்டிலேயே முடித்துவிடலாம். பெயரைத் தாளில் பெரிதாக எழுதி, அதன் மேல் பட்டர் பேப்பரை விரித்து, கோட்டின் மேலேயே உருகிய சாக்லேட்டைப் பிழியுங்கள். இறுகியதும் உரித்தால் எழுத்துகள் தயார். தவறினால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம். கேக்கின் மேல் நேராக எழுதினால் அந்த வசதி கிடையாது.

அடுத்தது கேக். 20 சென்டிமீட்டர் வட்டத்தில், பத்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கேக் இருபது பேருக்கு மேல் வரும். அதோடு 12 கப்கேக் செய்துவிட்டால் 25 பேருக்குத் தாராளம். கேக்கைப் பெரிதாக்குவதைவிட இது நல்லது. குழந்தைகளுக்குக் கப்கேக் கொடுத்துவிட்டால் வெட்டும்போது நெருக்கடி இருக்காது. ஸ்பாஞ்சை இரண்டு நாள் முன் சுட்டு, முழுவதும் ஆறியபின் கிளிங் ஃபிலிமில் சுற்றி வையுங்கள். சூடாகச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பிசுபிசுக்கும். கப்கேக்கையும் அடுப்பிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்தில் தட்டிலிருந்து கம்பிவலைக்கு மாற்றிவிடுங்கள். தட்டிலேயே விட்டால் ஆவி உள்ளேயே தங்கி, காகிதக் கப் கேக்கை விட்டுப் பிரியும்.

மேற்பூச்சு எது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. திறந்தவெளி, கார்ப் பயணம், மேலே பொம்மை என்று மூன்றும் சேர்ந்தால் விப்பிங் கிரீம் வேண்டாம். பாரம் தாங்காது, ஈரமும் அதிகம். பால் கிரீமாக இருந்தால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் ஒரு மணி நேரம்தான். மிச்சம் இரண்டு வழி. மாலை இதமாக இருக்கும் என்றால் பட்டர்கிரீம். 350 கிராம் வெண்ணெய்க்கு 700 கிராம் ஐசிங் சுகர் கணக்கு இந்த அளவு கேக்குக்கு உள்ளேயும் வெளியேயும் பூசப் போதும். கப்கேக்குக்கு இதில் பாதி அளவு தனியாக. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், அதற்கு முன்பே தளர ஆரம்பித்துவிடும். ஆகவே வெப்பம் இருக்கும் என்றால் உள்ளே பட்டர்கிரீம் வைத்து, வெளியே வெள்ளைச் சாக்லேட் கனாஷ், அதாவது சாக்லேட்டையும் கிரீமையும் உருக்கிக் கலந்த பூச்சு, பூசுங்கள். சாக்லேட் மூன்று பங்கு, கிரீம் ஒரு பங்கு; கொளுத்தும் வெப்பம் என்றால் நான்குக்கு ஒன்று. 600 கிராம் சாக்லேட்டும் 200 கிராம் கிரீமும் இந்தக் கேக்கைச் சுற்றிலும் மூடப் போதும். முதல் நாளே செய்து மூடி வைத்தால் மறுநாள் பூசும் பதத்துக்கு வந்திருக்கும். கனாஷில் கிரீமின் ஈரம் ஏற்கெனவே கலந்திருப்பதால் ஜெல் கலரைக் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

கடல் தீமில் பலரும் ஏமாறுவது இந்த நீலத்தில்தான். வெண்ணெயும் வெள்ளைச் சாக்லேட்டும் உண்மையில் இளமஞ்சள். மஞ்சளில் நீலம் சேர்ந்தால் பச்சைதானே வரும்? நீலம் போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்றினால் பச்சை அடர்த்தியாகும், நாக்கும் நிறம் மாறும். வெண்ணெயை மட்டும் ஐந்தாறு நிமிடம் நன்றாக அடித்து வெளுக்க விடுங்கள். ஐசிங் சுகர் சேர்த்தபின் டூத்பிக் நுனியில் ஊதா ஜெல் கலரைத் தொட்டுக் கலக்குங்கள். ஊதா மஞ்சளை அடக்கிவிடும், பூச்சு வெண்மையாகத் தெரியும். அதன்பிறகு நீலம் சேர்த்தால் சுத்தமான நீலம் கிடைக்கும். ஊதா கூடினால் சாம்பல் தட்டும், அதனால் நுனி அளவு என்றால் நுனி அளவுதான்.

இன்னொன்று, நிறம் சேர்த்த உடனே தெரிவது முடிவான நிறம் அல்ல. சில மணி நேரத்தில் இன்னும் ஓரிரு படி அடர்த்தியாகும். வேண்டியதைவிடச் சற்று வெளிறலாக இருக்கும்போதே நிறுத்தி, மூடி வைத்து, மறுநாள் பாருங்கள். திரவக் கலர் பாட்டில்களை விட்டுவிடுங்கள். அடர்ந்த நிறம் வரும் அளவுக்கு ஊற்றினால் பூச்சு தளர்ந்துவிடும்.

கேக்கை அடுக்கியதும் முதலில் மெல்லிய கிரம்ப் கோட். தூள்களைப் பிடித்துவைக்கத்தான் இது, அழகு பார்க்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து இறுகியபின் நீலப் பூச்சு. நிறத்தைக் கருநீலம், நடுநீலம், வெளிர்நீலம் என்று மூன்று கிண்ணத்தில் பிரித்து, கீழிருந்து மேலாகப் பட்டையாகப் பூசுங்கள். டர்ன்டேபிளைச் சுற்றியபடி ஸ்க்ரேப்பரால் இரண்டு மூன்று முறை இழுத்தால் பட்டைகள் ஒன்றில் ஒன்று கலந்து கடலின் ஆழம் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்க்ரேப்பரைத் துடைக்க மறக்காதீர்கள். அதற்குமேல் இழுத்துக்கொண்டே இருந்தால் மூன்று நீலமும் ஒரே நீலமாகிவிடும். பூச்சு வழவழப்பாக வரவில்லையா? கவலை வேண்டாம். பாலெட் நைஃபின் நுனியை லேசாக அழுத்தி, மேலும் கீழும் நெளித்தபடி டர்ன்டேபிளைச் சுற்றினால் அலையாகிவிடும். சீரில்லாத பரப்பைக் கொண்டாடும் தீம் உங்களுக்கு வாய்த்திருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேல் விளிம்பில் வெள்ளைப் பட்டர்கிரீமைக் கொஞ்சம் தொட்டு இழுத்தால் நுரை.

கப்கேக்குக்கு ஒரே பைப்பிங் பேக்கில் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெள்ளை நிரப்பி, பெரிய ஸ்டார் நாசிலால் சுற்றிவிடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாக்லேட் சிப்பி. வேறு எதுவும் தேவையில்லை.

தீம் என்றதும் நண்டு, மீன், நட்சத்திரமீன், பவளம், படகு எல்லாவற்றையும் ஏற்றத் தோன்றும். நான் தடுப்பேன். ஒரு பொம்மை, மூன்று நிறம், ஒரு மணல் பரப்பு: இதற்கே கடல் கண்ணுக்கு வந்துவிடுகிறது. பத்துப் பொம்மை இருந்தால் எதையும் யாரும் பார்ப்பதில்லை. மிச்சப்படும் நேரத்தை அந்த ஆமையின் முகத்தில் செலவழியுங்கள். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாலே அதற்கு உயிர் வந்துவிடும்.

மணலுக்குப் பிஸ்கட்டைப் பொடித்து, கால் பங்கு நாட்டுச் சர்க்கரை போன்ற பழுப்புச் சர்க்கரை சேர்த்து ஒரு பாட்டிலில் போட்டு வையுங்கள். இதை விழா இடத்தில்தான் தூவ வேண்டும். பூச்சின் மேல் நேரம் ஆக ஆக ஈரம் இழுத்து, மணல் சேறாகிவிடும். வேஃபர் பேப்பர் என்னும் உண்ணத் தகுந்த மெல்லிய தாளில் அச்சடித்த மீன்களை வைக்க ஆசைப்பட்டாலும் இதே விதி. ஈரம் பட்டால் அது சுருண்டுவிடும்.

முதல் நாள் மாலை பூச்சு முடிந்த கேக்கை, பொம்மை எதுவும் இல்லாமல், மூடிய அட்டைப்பெட்டியோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் புறப்படும் நேரத்தில் நேராக எடுத்துக் காருக்குக் கொண்டுபோகலாம். நன்றாகக் குளிர்ந்த கேக் கல்லைப் போல அசையாமல் வரும். பெட்டியை வழியில் திறக்கக் கூடாது. வெளிக்காற்றின் ஈரம் பெட்டியின் மேல் படியட்டும், கேக்கின் மேல் வேண்டாம். இருக்கை சாய்வாக இருக்கும், மடியும் நம்பகமில்லை; காரின் தரையில் சமமான இடத்தில், அடியில் வழுக்காத விரிப்புப் போட்டு வையுங்கள். போய்ச் சேர்ந்தபின் ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்து, மேலே ஈரத்துளி தெரிந்தால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் கோடு விழும். அப்புறம் மணல், சிப்பி, பெயர், கடைசியில் ஆமை. ஆமைக்கு அடியில் ஒரு சிறு சாக்லேட் வட்டம் வைத்தால் பூச்சின் ஈரம் அதற்கு ஏறாது. போன வருட முயலுக்கு இது இருந்திருந்தால் இன்னும் சில மணி நேரம் நின்றிருக்கும். உறையாத பட்டர்கிரீம் இரண்டு கரண்டி, ஒரு பாலெட் நைஃப், கொஞ்சம் டிஷ்யூ கையோடு எடுத்துப்போங்கள். எங்காவது இடிபட்டால் அந்த இடத்தில் ஓர் அலை சேர்த்துவிடலாம்.

குழந்தைகள் சாப்பிடப்போகும் கேக் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கடல் தீமுக்கு மினுமினுப்புத் தூள் வாங்கினால், டப்பாவில் உண்ணத் தகுந்தது என்றும், சேர்மானப் பட்டியலும் இருக்க வேண்டும். நச்சற்றது என்று மட்டும் போட்டிருந்தால் அது உணவு அல்ல. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. கேக்கில் பூசிய தூளில் செம்பு மிகுந்திருந்தது. அடுத்த வருடம் மிசூரியில் இதுபோன்ற அலங்காரத் தூளால் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. முத்துக்காக வைக்கும் கெட்டியான சர்க்கரை உருண்டைகளும் சின்னக் குழந்தைகளின் தொண்டையில் சிக்கலாம். வரும் குழந்தைகளில் நான்கு வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் அவற்றைத் தவிர்த்து, முத்தையும் வெள்ளைச் சாக்லேட்டில் தட்டையாகச் செய்துவிடுங்கள்.

வெட்டும் முன் ஆமையையும் பெயரையும் எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். கத்தியை வெந்நீரில் நனைத்து, முழுக்கத் துடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் இப்படியே வெட்டினால் நீலப் பட்டைகள் ஒன்றோடொன்று இழுபடாது. ஆமையை மகள் வைத்துக்கொள்ள ஆசைப்படுவாள். தலையை நிறுத்த உள்ளே டூத்பிக் வைத்திருந்தால், அவள் கையில் கொடுக்கும் முன் அதை உருவிவிடுங்கள்.