பேய்க் குரலுக்கு ஃபேசர் போட்டும் ஒன்றும் ஆகவில்லையா?

கானாடுகாத்தானில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பூட்டிக் கிடந்த எங்கள் ஐயா வீட்டு வளவில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய இடமும்) போனை வைத்து ஒரு பேய்க்கதை பதிவு செய்தேன். பேய் பேசுகிற இடம் ஏழு விநாடிதான். ஆடாசிட்டி என்கிற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அதற்கு ஃபேசர் எஃபெக்ட் போட்டால் எதுவும் மாறின மாதிரியே தெரியவில்லை. எல்லாவற்றையும் கடைசிவரை ஏற்றிப் பார்த்தேன், தகர டப்பாவுக்குள் யாரோ விசில் அடிப்பது போல வருகிறது. என்ன எண்கள் வைக்க வேண்டும், அண்ணே?"

எண்களைச் சொல்கிறேன் தம்பி. ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போனால் அடுத்த கதைக்கும் இதே கேள்வியோடு வருவீர்கள்.

ஃபேசர் உங்கள் ஒலியில் ஒரு பிரதி எடுத்து, அதன் அலையை மட்டும் கொஞ்சம் முன்பின்னாகத் தள்ளி, அசலோடு மறுபடி கலக்கிறது. அசல் அலை ஏறுகிற நேரத்தில் பிரதி இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், அந்த இடத்தில் ஒலியில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே இருப்பது எல்எஃப்ஓ என்கிற மெதுவான அலை. நம் காதுக்குச் சுழல்கிற மாதிரி கேட்பது இந்த ஓட்டம்தான்.

பிரதியின் அலையைத் தள்ளுகிற ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டேஜ். இரண்டு ஸ்டேஜுக்கு ஒரு பள்ளம் என்று கணக்கு. ஆடாசிட்டி ஃபேசரைத் திறந்தவுடன் ஸ்டேஜஸ் 2 என்றுதான் நிற்கும், அதாவது ஒரே பள்ளம், பேச்சுக் குரலில் அது வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. 24 வரை ஏற்றலாம். குரலுக்கு 6 அல்லது 8 போதும்.

சரி, எல்லாவற்றையும் ஏற்றினீர்களே, அங்கே என்ன நடந்தது? அசலையும் பிரதியையும் எந்த அளவில் கலப்பது என்று சொல்கிற ட்ரை/வெட் 0 முதல் 255 வரை போகும். பலரும் 255 வைத்தால் எஃபெக்ட் முழுசாக வரும் என்று நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ்: அங்கே அசல் ஒலியே இல்லை, பிரதி மட்டும் இருக்கிறது, அப்புறம் எது எதைத் தின்னும்? சுருதி லேசாக ஆடும், அவ்வளவுதான். பள்ளம் ஆழமாக விழுவது நடுவில், 128 பக்கத்தில். அந்த விசில் ஃபீட்பேக்கின் வேலை. வெளியே வந்த ஒலியை மறுபடி உள்ளே விடுவதால் சில அதிர்வெண்கள் கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நானும் ஒரு திருவிழா நாடகத்துக்கு முனி வருகிற சத்தம் செய்கிறேன் என்று ஃபீட்பேக்கை 90க்கு மேல் வைத்துக் கொடுத்தேன், அன்றைக்கு ஹாரன் ஒலிபெருக்கியில் கேட்ட கீச்சலுக்கு முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்ததுதான் மிச்சம். 30, 40க்கு மேல் போகாதீர்கள்.

வேகம் முக்கியம். எல்எஃப்ஓ எண் விநாடிக்கு எத்தனை சுற்று என்பது; 0.1 என்றால் ஒரு சுற்றுக்கு பத்து விநாடி, உங்கள் ஏழு விநாடி வசனம் சுற்று முடிவதற்குள் முடிந்துவிடும். 0.3 வையுங்கள், இரண்டு சுற்று கிடைக்கும். பள்ளம் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்கிற டெப்த் 150. வெளியே வருகிற ஒலியின் அளவு, அதாவது அவுட்புட் கெயின், -6லேயே இருக்கட்டும், ஒலி வெடிக்காது. வசனத்தைத் துண்டு துண்டாகத் தேர்வு செய்து போடாதீர்கள், ஒவ்வொரு முறையும் சுற்று முதலில் இருந்து தொடங்குவதால் ஒட்டுப்போட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், என்னைக் கேட்டால் பேயின் குரலில் ஃபேசரே வேண்டாம், அல்லது மிகக் கொஞ்சமாக. இல்லாத அதிர்வெண்ணில் பள்ளம் தோண்ட முடியாது. கீழிருந்து மேல்வரை நிறைந்து கிடக்கிற ஒலியில்தான் இது பேசும். காற்று, சுருதிப் பெட்டி, மழை. உங்கள் வீட்டு வளவு முற்றத்தில் மழை கொட்டும்போது ஐந்து நிமிடம் பதிவு செய்து வையுங்கள், அதற்கு ஸ்டேஜஸ் 8, எல்எஃப்ஓ 0.1 போட்டு வசனத்துக்கு அடியில் ஓட விடுங்கள். வீடே மூச்சு விடுகிற மாதிரி இருக்கும், பேய் சாதாரணக் குரலில் "யாரப்பா அது?" என்று கேட்டாலே போதும். குரலிலும் வேண்டுமென்றால் டிராக்கை கன்ட்ரோல் டி கொடுத்து நகலெடுத்து, நகலுக்கு மட்டும் ஃபேசர் போட்டு, அதை அசலைவிட 10 டெசிபல் குறைத்து வையுங்கள். சொற்கள் தெளிவாகக் கேட்கும்.

இன்னொன்று, குரலை வளவில் பதிவு செய்ததே தப்பு. ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடி மாதிரி வழவழத்த சுண்ணாம்புச் சுவர், எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கும். அந்த எதிரொலியே ஏற்கெனவே குரலில் பள்ளங்களைத் தோண்டி வைத்திருக்கும், அதன்மேல் ஃபேசர் போட்டால் குழம்பிப் போகும். உள்ளே ஒரு சின்ன அறையில், மெத்தையும் பழைய ஜமுக்காளமும் சுற்றி இருக்க, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசுங்கள்.

ஆடாசிட்டி 3.2 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு என்றால் ஃபேசரை டிராக்கில் ரியல்டைமாகவே போட்டு, ஓட விட்டுக்கொண்டே திருகிப் பார்க்கலாம், அசல் ஒலி கெடாது. பழையது என்றால் முதலில் ஒரு நகல் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். கடைசியில் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுத் திருப்திப்படாமல் போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், உங்கள் கதையைக் கேட்பவர்களில் பாதிப்பேர் அதில்தான் கேட்பார்கள்.