ஆயில் கேட்ச் கேன் கரியைத் தடுக்குமா?

கேள்வி: சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ கார் வைத்திருக்கிறேன். வாரந்தோறும் சேலம் சென்று திரும்புகிறேன். ஆயில் கேட்ச் கேன் (எண்ணெய்ப் புகையைப் பிடிக்கும் சிறு டப்பா) பொருத்தினால் வால்வுகளில் கரியே படியாது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: குறையலாம், அறவே நிற்காது. பழைய வகை இன்ஜின்களில் உள்ளிழுப்பு வால்வின் பின்புறத்தைப் பெட்ரோலே கழுவிக்கொண்டிருந்தது. உங்கள் இன்ஜினில் அந்தக் கழுவல் இல்லாததால், கிராங்க்கேஸிலிருந்து (இன்ஜினின் அடிப்பகுதிக் கூடு) காற்றுப் பாதைக்குத் திரும்பும் எண்ணெய்ப் புகை சூடான வால்வில் ஒட்டிக் கரியாக இறுகுகிறது. கேட்ச் கேன் அப்புகையைக் குளிரவைத்து, எண்ணெயில் ஒரு பகுதியை மட்டுமே பிடித்துவைக்கும். வால்வுத் தண்டின் சீல் வழியாகக் கசியும் எண்ணெயையும், சிலிண்டரிலிருந்து பின்னோக்கி வரும் எரிந்த வாயுவையும் அதனால் தடுக்க இயலாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் ஏறுகையில் டர்போ அழுத்தம் உயர்வதால், பெரும்பாலான இன்ஜின்களில் புகை வழக்கமான பாதையை விட்டு, டர்போவுக்கு முன்னுள்ள குழாய் வழியாகச் செல்லும். அக்குழாயிலும் இணைக்கப்படாத கேன் அரைகுறையாகவே பயன்படும். உள்ளே வலையோ தடுப்புத் தட்டுகளோ இல்லாத வெற்று டப்பாவை வாங்கவே வேண்டாம். நிரம்புமுன் வடித்துவிடுங்கள். வாரண்டி இருந்தால் பொருத்துமுன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இறுகிய கரியைக் கேன் நீக்காது; அதற்கு வால்நட் ஓட்டுத் துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் முறையே நம்பகமானது.