மஞ்ச பறவைக்குள்ள யாரு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: யூடியூப்ல செசமி ஸ்ட்ரீட்ங்கற அமெரிக்க குழந்தைங்க டிவி ஷோவோட பழைய வீடியோ பாத்துட்டு என் பையன் 'அந்த பெரிய மஞ்ச பறவைக்குள்ள எத்தன பேரும்மா'ன்னு ஒரே நச்சரிப்பு. – வாசகி, தென்காசி

பதில்: ஒரே ஆளுதாங்க. கேரல் ஸ்பின்னி. அமெரிக்காவுல 1969ல ஷோ ஆரம்பிச்சப்ப பிக் பேர்டா (அதான் அந்த மஞ்ச பறவையோட பேரு) உள்ள போனவரு, 2018லதான் ரிட்டயர் ஆனாரு. பறவை உயரம் 8 அடி 2 அங்குலம், அதனால வலது கைய தலைக்கு மேல நேரா தூக்கி பறவையோட தலைக்குள்ள விட்டுக்கணும், அலக தொறந்து மூடுறது அந்த கைதான், அதே கையோட சுண்டு விரல்லதான் கண் இமைக்கான லீவர் வேற. இடது கை இடது றெக்கைக்குள்ள போயிடும். அப்ப வலது றெக்கை? தூண்டில் நரம்பு ஒண்ணு கழுத்துப் பக்கமா போயி ரெண்டு றெக்கையையும் இணைக்கும், இடது கீழ இறங்குனா வலது மேல ஏறும், அவ்ளோதான் மேட்டர்! வெளிய என்ன நடக்குதுன்னு நெஞ்சுல கட்டியிருக்க குட்டி டிவியில பாத்துதான் நடக்கணும், அதுவும் கண்ணாடி மாதிரி காட்டாது, கேமரா பாக்குற மாதிரி இடவலம் மாறித் தெரியும். இத்தனையோட ஸ்கேட்டிங்கும் விட்டிருக்காரு மனுஷன். குப்பத்தொட்டிக்குள்ள உக்காந்து எல்லாரையும் திட்டுற ஆஸ்கர்ங்கற பொம்மைய ஆட்டுனதும் இவரேதான்.

கேள்வி: செசமி ஸ்ட்ரீட்ல மனுஷங்களும் பொம்மைங்களும் ஒரே தெருவுல இருக்கறது யாரோட ஐடியா? – வாசகர், ஈரோடு

பதில்: பசங்களோட ஐடியான்னே சொல்லலாம். நிஜத்தையும் கற்பனையையும் கலந்தா குழந்தைங்க குழம்பிடும்னு நிபுணருங்க சொன்னதால முதல்ல தெரு சீன்ல மனுஷங்க மட்டும்தான், பொம்மைங்க தனி சீன்ல. ஒளிபரப்புக்கு முன்னாடி, 1969 ஜூலைல, ஃபிலடெல்ஃபியாவுல சின்னப் பசங்களுக்கு போட்டுக் காட்டுனாங்க. பொம்மை வந்தா கண்ணு டிவியிலயே இருக்கு, தெரு சீன் வந்தா பசங்க வேற பக்கம் திரும்பிடுதுங்க. அதுக்கப்புறம்தான் பிக் பேர்டும் ஆஸ்கரும் தெருவுக்கு வந்தாங்க. படிச்சவங்க பேச்ச ஓரமா வச்சதுலதான் இந்த ஷோவே பொழச்சுதுங்கறது என் கட்சி.

கேள்வி: நடுவுல வர்ற கார்ட்டூன் துண்டெல்லாம் எதுக்கு? – வாசகர், சேலம்

பதில்: விளம்பரம் மாதிரிங்க. பசங்க டிவி விளம்பரப் பாட்ட மனப்பாடமா பாடுறத பாத்துட்டு, அதே டெக்னிக்க எழுத்துக்கும் எண்ணுக்கும் போட்டாங்க. பின்பால் பந்து ஓடுற 1977 கார்ட்டூன தேடிப் பாருங்க, பாடுனது பாயின்டர் சிஸ்டர்ஸ்ங்கற அமெரிக்க பாட்டுக் குழு, செம பாட்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கார்ட்டூன், 2ல இருந்து 12 வரைக்கும்தான் இருக்கும், 1க்கு கிடையாது.

கேள்வி: உள்ள ஆளு இருக்குன்னு சொன்னா குழந்தை ஏமாந்து போகாதா? – அதே தென்காசி வாசகி

பதில்: தாராளமா சொல்லுங்க. ஷூட்டிங்குக்கு வர்ற குட்டீஸுக்கு கீழ ஆளு இருக்கறது நல்லாவே தெரியும், தெரிஞ்சுகிட்டே பொம்மை மூஞ்சியப் பாத்துதான் பேசுங்க. கெர்மிட்ங்கற தவளை பொம்மையோட சேர்ந்து ஏபிசிடி பாடுற ஒரு வாண்டு, எழுத்துக்கு பதிலா 'குக்கி மான்ஸ்டர்'னு (ஷோவுல வர்ற இன்னொரு பொம்மை) சொல்லி சொல்லி சிரிக்கும், கெர்மிட் கோவிச்சுட்டு போனதும் 'ஐ லவ் யூ'ங்கும், தவளை திரும்பி வந்துடும். அந்த கிளிப்ப பையனுக்கு போட்டுக் காட்டுங்க, கீழ இருந்து ஆட்டுனது கெர்மிட்ட உருவாக்குன ஜிம் ஹென்சன்னு அப்புறமா சொல்லிக்கலாம்.